டயருக்கு ஒய்யா, ஐயா?

ஆங்கிலத்தில் எழுதும்போது பிரிட்டனில் டயருக்கு ஒய் (tyre), அமெரிக்காவில் ஐ (tire). அமெரிக்காக்காரன் மாற்றிவிட்டான் என்பது தப்பு. 17ஆம் நூற்றாண்டுக்குள் பிரிட்டனிலும் ஐ நிலைத்துவிட்டது. ஒய் திரும்பி வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான்.

களைப்பைச் சொல்லும் 'டயர்டு'க்கும் இதற்கும் உறவில்லை. உடையைக் குறிக்கும் 'அட்டயர்' தலை வெட்டுப்பட்டு வந்தது இது. அதாவது, மரச்சக்கரத்துக்கு உடுத்திய இரும்புப் பட்டை. பட்டையின் சுற்றளவு சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பழுக்கக் காய்ச்சினால் விரியும். மாட்டியதும் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, ஆரக்கால்களைச் சக்கரத்தின் நடுக் குடத்தோடு நெரித்துப் பிடிக்கும். அளவு ரொம்பக் குறைந்தால் சக்கரமே கோணும். கூடினால் வெயிலில் மரம் வற்றியதும் பட்டை கழன்று ஓடும்.

அச்சாணியைக் குறிக்கும் 'லிஞ்ச்பின்'னிலும் (linchpin) இதே ஐ-ஒய் குழப்பம் உண்டு, ஆனால் அது வேறு கதை. பழைய ஆங்கிலத்தில் 'லினிஸ்' என்றாலே அச்சாணி. அதில் ஒய்தான் இருந்தது (lynis), ஆனால் இன்றைய வழக்கம் ஐ, அதையே போடுங்கள். ஒய் போட்டு எழுதுவதையும் அகராதிகள் ஏற்கின்றன, ஆனால் கும்பல் கொலையைக் குறிக்கும் 'லிஞ்ச்' (lynch) என்ற சொல் நினைவுக்கு வரும்.