மால்டாவில் கிணறு கழுவும் வேலை

மால்டாவில் என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் பிளம்பர் என்று சொல்லி முடித்துவிடுவேன். அது முக்கால் உண்மை. மீதிக் கால் பங்கு, பழைய வீடுகளில் கிணறு கழுவுவது. ஆகஸ்டும் செப்டம்பரும்தான் எங்களுக்கு சீசன், முதல் மழைக்குள் முடித்தாக வேண்டும்.

கிணறு என்றதும் ஊற்றுக் கிணற்றை நினைக்க வேண்டாம். இங்கே ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. மத்தியதரைக் கடலில் இருக்கும் இந்தத் தீவுகள் எல்லாம் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான். ஆண்டுக்குச் சராசரியாக 550 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். ஜூன், ஜூலையில் வானம் கையை விரித்துவிடும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் வீடு கட்டும்போதே முற்றத்துக்கு அடியில் பாறையைக் குடைந்து தொட்டி செய்தார்கள். தட்டை மொட்டைமாடியில் விழும் மழை, குழாய் வழியாக நேரே அதற்குள் போய்விடும்.

வாய் ஒரு ஆள் நுழையும் அளவுதான். இறங்க இறங்க மணி மாதிரி விரிந்துகொண்டே போகும். முதலில் வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்போம். மேலே ஒருவர் கயிற்றோடு நிற்காமல் இறங்குவதில்லை. அடியில் மெல்லிய செஞ்சேறு படிந்திருக்கும். தெற்குக் காற்றில் சஹாராவிலிருந்து வந்து மழையோடு மாடியில் விழும் தூசி அது. சுவரில் பூசியிருப்பது சுண்ணாம்போடு ஓட்டுச் சில்லை இடித்துச் சேர்த்த சாந்து. செட்டிநாட்டுப் பக்கம் கட்டட வேலையில் சுர்க்கி என்று செங்கல் தூளைச் சேர்த்து அரைப்பார்களே, கிட்டத்தட்ட அதே சரக்கு. என் தாத்தா கொத்தனார். பார்த்தால் சுரண்டி வாயில் போட்டுப் பார்த்திருப்பார். தலைமுறை தாண்டிய பூச்சு, சில கிணறுகளில் இன்னும் ஒரு பொட்டு ஒழுகுவதில்லை. போன வருஷம் சிமென்ட் பூசிய தொட்டியில் கசிவு என்று கூப்பிடுகிறார்கள்.

ஸெப்பூஜ் என்ற ஊரில் ஒரு நன்னா இருக்கிறார். இங்கே பாட்டிகளை அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். எண்பதைத் தாண்டியவர். இன்றும் கிணற்றுத் தண்ணீரில்தான் துணி துவைக்கிறார். "குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்குமா தம்பி?" என்று மால்டீஸும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். நியாயமான கேள்வி. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் கெட்டிலில் ஓடு ஓடாகச் சுண்ணாம்பு படியவிடும். குடிக்கப் பெரும்பாலோர் பாட்டில்தான் வாங்குகிறார்கள். மழைநீருக்கு அந்த வம்பே இல்லை. சின்ன வயதில் அவர்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு விலாங்கு இருந்ததாம். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று விட்டிருந்தார்களாம்.

இது பாட்டி காலத்து ஆசாரம் மட்டும் இல்லை, சட்டமாகவே இருந்திருக்கிறது. 1566-இல் இன்றைய தலைநகரான வலெட்டாவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த நகரத்தில் வீடு கட்டுபவர் ஒவ்வொருவரும் மழைநீர்த் தொட்டி வைத்தாக வேண்டும் என்று அப்போதே விதி. முந்தைய ஆண்டுதான் துருக்கியரின் முற்றுகையில் தீவுக்காரர்கள் தவித்திருந்தார்கள். சும்மா வந்த விதி இல்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தது 2003-இல். புதுக் கட்டடத்துக்குத் தொட்டி வேண்டும் என்று இங்கே இன்றைக்கும் விதி உண்டு. இருந்து என்ன? காகிதத்தில் தொட்டி என்று வரைந்த இடத்தில் காரை நிறுத்தியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

1980-களின் தொடக்கத்தில் ஆர் லாப்ஸி என்ற கடலோர இடத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அப்புறம் பெம்ப்ரோக், சிர்கேவா. இன்று குழாயில் வருவதில் பாதிக்கு மேல் கடல்நீர்தான். அந்த ஆலைகளை நான் குறை சொல்லமாட்டேன். அவை இல்லாவிட்டால் இத்தனை ஜனமும் இத்தனை சுற்றுலாப் பயணிகளும் ஒரு கோடையைத் தாண்ட முடியாது. நீர்வாரியம் தெருக் குழாய்க் கசிவைக் குறைத்ததும் சாதாரண வேலை இல்லை. 1990-களில் மணிக்கு 4,000 கனமீட்டர் அளவுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, இன்று கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்கு. தெரு அடங்கிய ராத்திரியில் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். தொழில்காரனாக இதற்கு ஒரு சலாம்.

எரிச்சல் வேறு இடத்தில். கிணறுகளை மூடி அடுக்குமாடி எழுப்பியதால், ஒரு நல்ல மழைக்கு பிர்கிர்காரா, எம்சீதா போன்ற ஊர்களில் தெருவெல்லாம் ஆறாக ஓடும். அதற்காக ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் பல கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டி, வெள்ளத்தைப் பெரும்பாலும் கடலில் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்புறம் அதே கடலிலிருந்து எடுத்து, கனமீட்டருக்குச் சுமார் மூன்று யூனிட் மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கிறார்கள்! என் முதலாளியிடம் சொன்னேன். "உனக்கும் எனக்கும் இரண்டு பக்கமும் வேலைதானே" என்று சிரித்தார்.

நிலத்தடி நீரும் தெம்பாக இல்லை. உப்புநீரின்மேல் நல்ல தண்ணீர் ஒரு படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அடியில் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். ஆழ்துளையில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் அதே கணக்கில் கீழே இருந்து உப்பு ஏறும்.

இங்கே வேலைக்கு வரும் நம் ஆட்களுக்கு இரண்டு விஷயம். வீட்டில் எத்தனை பேர் என்று தண்ணீர்க் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். பதிவான ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 33 கனமீட்டர் வரை கனமீட்டருக்கு ஏறக்குறைய 1.40 யூரோ விலை, அதைத் தாண்டினால் 5 யூரோவுக்கு மேல். ஆறு பேர் தங்கும் வீட்டில் இரண்டு பேர்தான் பதிவு என்றால் பில் எகிறும். அடுத்தது, பழைய வீடாக இருந்தால் முற்றத்தில் கல் மூடியோ இரும்பு மூடியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சின்ன பம்பும் கழிவறைத் தொட்டிக்குத் தனி லைனும் போதும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மட்டும் வேண்டாம், மாடியில் புறா இருக்கிறது.