டிங் அடித்தது, கேக் வேகவில்லை

அக்காவும் அத்தானும் போன சனிக்கிழமை கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. தென்காசியில் இருந்து ஸ்கூட்டரில் வந்து, ஸ்கூட்டரையும் எட்டு வயதுப் பையனையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேரளா பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். "மாமா கேக் செஞ்சு தருவான், அழக்கூடாது" என்று அக்கா போகிற போக்கில் என் தலையில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள். அவன் அழுகிற ஆள் இல்லை. பஸ் கிளம்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "நெட்ஃபிளிக்ஸ் இருக்குல்ல?"

முந்தின நாள் ராத்திரி முழுக்கச் சாரல். காலையிலும் மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. இந்த மாதிரி சனிக்கிழமைகளில் பிரானூர் பக்கம் போகவே கூடாது. குற்றாலத்துக்கு வருகிற கேரள வண்டிகள் எல்லாம் பரோட்டாக் கடை வாசல்களில் நிற்கும், ரோட்டில் பாதி இருக்காது. ஆனால் அம்மா கொடுத்த வேலைகள் இருந்தன. மில்லில் மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுத்ததை வாங்க வேண்டும், அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை, டெய்லரிடம் அம்மாவின் ஜாக்கெட். மிளகாய் மில்லுக்குள் பையனைக் கூட்டிப் போனது என் தப்பு. பதினோரு தும்மல். அவனே எண்ணினான்.

பழக்கடையில் நான் ஏத்தன்பழம் கேட்டேன். கடைக்காரர் மஞ்சளாய்ப் பளபளவென்று ஒரு சீப்பை எடுத்தார். "அது வேண்டாம் அண்ணாச்சி, அந்தா தொங்குதே, கறுத்தது, அது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கொடுத்தார். கேக்குக்குத் தோல் கறுத்து, கையில் எடுத்தால் கொழகொழவென்று இருக்கிற பழம்தான் சரி. பழத்தில் இருக்கிற மாவுச்சத்து எல்லாம் சர்க்கரையாக மாறியிருக்கும், மசிக்கிற வேலையும் மிச்சம்.

பேக்கிங் பவுடரும் பட்டர் பேப்பரும் வாங்க பேக்கரிக்குப் போனோம். கடையை நடத்துகிறவர் புனலூர் பக்கத்துக்காரர். அவர் தமிழில் பேசினால் நான் மலையாளத்தில் பதில் சொல்வேன், இரண்டுமே அரைகுறை. இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது, அந்த வாடை இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. உள்ளே போர்மாவில் விறகு எரிந்துகொண்டிருந்தது. பையன் எட்டிப் பார்த்தான். "ஓவன்தான் மோனே, விறகு ஓவன்" என்றவர், 1883ல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்த கதையையும் சேர்த்துச் சொன்னார். கேரளா பேக்கரிக்காரர்களுக்கு அது குலப்பெருமை. கடைசியில் என்னைப் பார்த்து, "உங்க ஓவன் கரண்ட்லதான? சாரல் காலம் பாத்துக்கோங்க" என்றார். நான் சிரித்தேன்.

டெய்லர் கடையில் அம்மாவின் ஜாக்கெட் ரெடி. மெரூன் துணியில் மீந்த துண்டைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தார். பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்கிள், எனக்கு ஒரு கேப் தைச்சுத் தருவீங்களா?"

"தொப்பியெல்லாம் நான் தைக்கிறதில்ல தம்பி."

"தொப்பி இல்ல, கேப்பு! பின்னாடி பறக்கும்லா."

டெய்லர் என்னைப் பார்த்தார். நான் தோளில் இருந்து முதுகு வரைக்கும் கையால் காட்டினேன். "ஓ, முதுகுல தொங்குற துண்டா?" என்று டேப்பை எடுத்து, பெரிய மனுசனுக்குச் சட்டை அளவெடுப்பது போலவே கழுத்தளவு, உயரம் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். மீந்த துணி பத்தாது என்று நீல லைனிங் துணி ஒன்றை ஒட்டுப் போட்டுத் தருவதாகச் சொன்னார். சாயங்காலம் வாங்க, முப்பது ரூபாய்.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். உடன்குடிக் கருப்பட்டி இருநூறு கிராமைத் தட்டி, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் ஊற்றினால் பல்லில் மண் நறநறக்கும், அனுபவம் பேசுகிறது. அது ஆறும் நேரத்தில் மூன்று பழத்தை மசித்து, இரண்டு முட்டை, அரைக் கப் தேங்காய் எண்ணெய். ஒன்றரைக் கப் மைதாவோடு ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் ஸ்பூன் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, சுக்கும் ஏலக்காயும் பொடித்தது. எல்லாவற்றையும் சேர்த்தபின் அதிகம் கலக்கக்கூடாது, கலக்கினால் கேக் ரப்பர் ஆகிவிடும். இதைச் சொல்லச் சொல்லப் பையன் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

ஓடிஜி என்கிற கரண்ட் ஓவனைப் பத்து நிமிஷம் 180 டிகிரியில் சூடாக்கி, ட்ரேயை உள்ளே தள்ளி, டைமரை நாற்பத்தைந்தில் திருப்பினேன். டிக் டிக் டிக். "இது எவ்வளவு கரண்டு குடிக்கும்?" என்று அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். ஆயிரத்து ஐந்நூறு வாட், முழுசாக ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். இரண்டு மாசத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்பது அம்மாவுக்குப் பெரிய ஆறுதல், ஐந்நூறைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும் என்பது பெரிய பயம். நான் கேக் செய்கிற மாசம் எல்லாம் அவள் மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

நாங்கள் மின்னல் முரளியைப் போட்டோம். 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்த மலையாள சூப்பர் ஹீரோ படம், பேசில் ஜோசப் இயக்கியது. நான் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தாயிற்று. எனக்கு அதில் பிடித்தது டொவினோ தாமஸின் ஹீரோ ஒரு டெய்லர் என்பது. அமெரிக்கா போகக் கனவு காண்கிற டெய்லர். மின்னல் அவனையும் தாக்குகிறது, டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபுவையும் தாக்குகிறது. ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் நம்ம மதுரைக்காரர். அவர் முகம் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நம்ம டெய்லர் அங்கிளையும் மின்னல் அடிக்குமா?"

"அடிக்காதுடே."

"சரி, ரெண்டு பேரையும் ஒரே மின்னல்தான அடிச்சுது. ஒருத்தன் மட்டும் ஏன் கெட்டவன் ஆனான்?"

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா முந்திக்கொண்டார். "டீக்கடையில நாலு பேர் பாக்கி வச்சிருப்பான். கோவம் வரத்தான செய்யும்."

இடையில் படத்தை நிறுத்தி அப்பா அவர் காலத்து சூப்பர் ஹீரோவைப் பற்றி ஆரம்பித்தார். 1972ல் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் முதல் புத்தகமாக இரும்புக்கை மாயாவி வந்தபோது அப்பாவுக்குப் பதிமூன்று வயது. ஒரு புத்தகம், தெருவில் ஒன்பது பேர், மூன்று நாளில் அட்டை போய்விட்டதாம். மாயாவிக்கு ஒரு கை இரும்பு. அந்தக் கையை மின்சாரத்தில் வைத்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். "அதெப்படி தாத்தா, கரண்ட் இல்லன்னா?" என்று பையன் கேட்டான். "கரண்ட் இல்லன்னா அவன் சும்மா ஒரு கை போன ஆளுதான்" என்றார் அப்பா. என் ஆளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 1997ல் தூர்தர்ஷனில் சக்திமான் வந்தபோது, ஹிந்தியில் ஒரு வார்த்தை புரியாமல், முற்றத்தில் சுற்றிச் சுற்றித் தலைசுற்றி விழுந்தவன் நான். சக்திமானுக்குக் கரண்டே தேவையில்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அடுக்களையில் டிங்.

கையுறையைப் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். சூடு முகத்தில் அடிக்கவில்லை. ட்ரேயில் ஓரம் மட்டும் லேசாகப் பிடித்திருந்தது. நடுவில் குளம். சிவப்பு விளக்கு எரியவில்லை. சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன், பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் மூளைக்கு எட்டியது, வீட்டில் கரண்டே இல்லை. எப்போதோ போயிருக்கிறது. டிவி, வைஃபை, லைட் எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. ஓவன் மாட்டுகிற பெரிய பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டரில் இல்லை. டைமருக்கோ கரண்ட் வேண்டாம், அது ஸ்பிரிங்கில் ஓடுவது. அடுப்பு செத்துப்போன பிறகும் டிக் டிக் என்று கணக்காக எண்ணி, வேலை முடிந்தது என்று மணியும் அடித்துவிட்டது. பேக்கரிக்காரர் முகம் கண்ணுக்குள் வந்தது.

எதிர்வீட்டு அண்ணன் கம்பியில் எங்கோ கொப்பு விழுந்துவிட்டதாகவும் சாயங்காலம் ஆகும் என்றும் சொன்னார். நான் ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நடு அடுக்களையில் நின்றேன். பையன் ட்ரேயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பரணில் இருந்து பழைய அலுமினியக் கொப்பரையை இறக்கினாள். கடலை வறுக்க ஒரு டப்பாவில் மணல் வைத்திருப்பாள். கறுத்து, பொடிப்பொடியாய், எத்தனை வருஷத்து மணலோ. அதை அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு இரும்புப் பிரிமணை, மூடி, கேஸ் அடுப்பில் ஏற்றினாள். மணல் சூடாகிற வாசம் வந்ததும் மூடியைத் திறந்து, "வை" என்றாள். வைத்தேன். தீயைக் குறைத்து, மூடிமேல் குழவியைப் பாரம் வைத்தாள். டைமர் எல்லாம் கிடையாது. அரை மணி நேரம் புறக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "எடுல" என்றாள்.

ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆனால் மாவு அவ்வளவு நேரம் அரைச்சூட்டில் கிடந்ததில் பேக்கிங் பவுடரின் மூச்சு முக்கால்வாசி போயிருந்தது. நடுவில் பள்ளம். நறுக்கினால் கேக்குக்கும் கருப்பட்டி அல்வாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அம்மா பள்ளத்தில் தேங்காய்த் துருவலை நெய்யில் வதக்கிக் கொட்டி நிரப்பிவிட்டாள். பையன் மூன்று துண்டு தின்றான். அப்பா சர்க்கரையை நினைத்து ஒன்று என்று சொல்லி இரண்டு.

ஐந்து மணிக்குப் போய்க் கேப்பை வாங்கி வந்தோம். டெய்லர் கழுத்தில் ஜாக்கெட் ஹூக் வைத்துத் தைத்திருந்தார், ஓரம் முழுக்க மடக்கி அடித்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் பையனுக்கு ஒரு யோசனை. ட்ரேயை மூட எடுத்த அலுமினியத் தாளில் மீந்ததைக் கொண்டுவந்து தாத்தாவிடம் நீட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் விரலாக, முழங்கை வரைக்கும் சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கையால் அவன் எதையும் தொடவில்லை. சாப்பாடும் ஆச்சிதான் ஊட்டினாள்.

எட்டரைக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தான் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "எந்தக் கடை?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் தூற ஆரம்பித்திருந்தது. பையனை ஸ்கூட்டரில் நடுவில் உட்கார வைத்து, அக்கா ரெயின்கோட்டை அவன் தலையோடு சேர்த்துப் போர்த்தினாள். கேப்பும் போச்சு, முகமும் போச்சு. தெரு இன்னும் இருட்டாகத்தான் கிடந்தது. அப்பா வாசல் வரைக்கும் வந்து நின்றார். வண்டி முக்குத் திரும்பும்போது ரெயின்கோட்டுக்கு வெளியே வெள்ளியாய் ஒரு கை மட்டும் ஆடியது.