ஹட்சன் ஆற்றின் தீயணைப்புப் படகுகள்

கப்பல் இயந்திர அறையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். நியூயார்க்கில் மகன் வீட்டுக்கு வந்தால் சுதந்திர தேவி சிலையைவிடத் தீயணைப்புப் படகுகளைத்தான் கண் தேடும். (மருமகளுக்கு இதில் வருத்தம் உண்டு.)

அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று 2010-இல் பணிக்கு வந்த 'த்ரீ ஃபார்ட்டி த்ரீ'. 2001 செப்டம்பர் 11 அன்று உயிரிழந்த 343 தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்தப் பெயர். நிமிடத்துக்கு 50,000 கேலன், அதாவது சுமார் 1,90,000 லிட்டர் பீய்ச்சும். ஆறேதான் தொட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துவாரங்கள் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அவ்வளவு நீர் முன்னே பாயும்போது படகு பின்னே தள்ளப்படும். அதை ஈடுகட்டும்படி உந்துசுழலிகளை இயக்கி, படகை நின்ற இடத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். குழலைத் திருப்புகிறவரைவிட, சுக்கான் பிடிக்கிறவருக்கே என் சல்யூட்.

எனக்குப் பிடித்தது என்னவோ 1931-இல் கட்டிய 'ஜான் ஜே. ஹார்வி'தான். ஓய்வுபெற்று, 1999-இல் ஏலத்தில் விற்கப்பட்ட கிழம். அந்த செப்டம்பர் 11 அன்று உலக வணிக மையக் கோபுரங்கள் விழுந்து நிலத்தடித் தண்ணீர்க் குழாய்கள் உடைந்தபோது அதை மறுபடி பணிக்கு அழைத்தார்கள். மற்றப் படகுகளுடன் சேர்ந்து, கரையிலிருந்த தீயணைப்பு வண்டிகளுக்கு ஏறத்தாழ 80 மணி நேரம் ஆற்று நீரை ஏற்றிக் கொடுத்தது.