வீட்டுக்குள் தூங்கும் பணம்

வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றி, கூடவே கையில் கொஞ்சம் ரொக்கமும் வாங்கலாம் என்று இரண்டு வாரமாக ஒரே கணக்கு. வீட்டின் மதிப்பு 100 என்றால் எங்கள் பாக்கி 45. புது வங்கி 70 வரை தரும். பழையதை அடைத்தது போக 25 மிஞ்சும்.

"உங்க பணம்தான் சார், வீட்டுக்குள்ள சும்மா தூங்குது" என்றார் வங்கிக்காரர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது என் பணமா? புதுக் கடன்!

மதிப்பீட்டுக்கு வந்தவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சமையலறைச் சுவரின் ஈரக்கறையை மட்டும் மூன்று போட்டோ எடுத்தார். கடன் கேட்டதே அதைச் சரிசெய்யத்தான்.

ராத்திரி மனைவி கால்குலேட்டரை எடுத்தாள். தனிநபர் கடன் 12 சதவீதம், 5 வருடம்: 100 வாங்கினால் மொத்தம் 133 கட்டுவோம். வீட்டுக் கடன் 9 சதவீதம்தான், ஆனால் 20 வருடம்: 216! அப்புறம் மதிப்பீட்டுக் கட்டணம், பத்திரச் செலவு வேறு.

சரி, 25 வேண்டாம், சுவருக்கு 5 போதும் என்று சொல்லிவிட்டோம். மீதி 20-இல் நான் மனதுக்குள் வாங்கிவிட்ட காரைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.