கட்டத்துக்கு அடியில் இருப்பதுதான் பலகை

காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் தானே உணரும் சதுரங்கப் பலகையை வீட்டில் செய்ய நினைப்பவர்கள், பலகையை இயக்கும் சிறு கணினியான மைக்ரோகண்ட்ரோலரில் எதை வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். அதில் யோசிக்க அதிகம் இல்லை; எட்டு வரிசைக்கும் எட்டு நிரலுக்கும் தேவையான 16 இணைப்புகளைச் சாதாரண ஆர்டுயினோ நானோவே தாங்கும். பலகை பல ஆண்டுகள் உழைக்குமா என்பது, கட்டங்களுக்கு அடியில் இருக்கும் 64 ரீட் சுவிட்சுகளையும் அவற்றைப் பற்றவைத்த விதத்தையும் பொறுத்தது.

மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் சற்றே இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு உலோகத் தகடுகள்தான் ரீட் சுவிட்ச். காயின் அடியில் ஒட்டிய காந்தம் அருகே வந்ததும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். விலை மலிவு, தூசியும் ஈரமும் உள்ளே புகாது. ஆனால் கண்ணாடியை ஒட்டியே கம்பிக் காலை வளைத்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். என் முதல் பலகையில் கையாலேயே வளைத்தேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல்களோடு சில வாரங்கள் ஓடிய பிறகு, கட்டங்கள் ஒவ்வொன்றாக உணர்விழந்தன. இப்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவே கம்பியை மூக்குக் குறடால் இறுகப் பிடித்துக்கொண்டுதான் வளைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் என்னை நெடுநாள் அலைக்கழித்தது. சுவிட்சைக் கட்டத்தின் நடுவில் படுக்கவைத்திருந்தேன். காய் சற்று ஓரமாக நின்றால் தெரிந்தது, சரியாக நடுவில் நின்றால் தெரியவில்லை. காந்தத்தின் ஒரு துருவம் சுவிட்சின் மையத்துக்கு நேர் மேலே வரும்போது இரண்டு தகடுகளின் முனைகளும் ஒரே துருவமாகிவிடுவதால், அவை ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை. சுவிட்சை நிமிர்த்தி நட்டுவைத்ததும் இந்தக் குருட்டுப் புள்ளி மறைந்தது. பலகை கொஞ்சம் தடிமனானது. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. காந்தம் மட்டும் அளவோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டமும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

செலவைக் குறைக்கிறேன் என்று, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகளை விட்டுவிடாதீர்கள். ஒரே வரிசையிலும் ஒரே நிரலிலும் உள்ள சுவிட்சுகள் ஒரு கம்பியைப் பகிர்வதால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் காய்கள் நின்றால், மின்னோட்டம் சுற்றிவந்து காலியான நான்காவது மூலையிலும் காய் இருப்பதாகக் காட்டிவிடும். 32 காய்களோடு தொடங்கும் ஆட்டத்தில் இது தவிர்க்க முடியாதது. கட்டத்துக்கு ஒரு 1என்4148 டையோடு, எல்லாம் ஒரே திசையில்.

இந்தப் பலகைக்குக் காய் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். அது குதிரையா ராணியா என்பதை, தொடக்க நிலையிலிருந்து ஒவ்வொரு நகர்வையும் பின்தொடர்ந்து மென்பொருள்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் எதுவாக மாறுகிறது என்பதை ஆடுபவர்தான் தெரிவிக்க வேண்டும். அதற்காகப் பலகையின் ஓரத்தில் நான்கு சிறு பொத்தான்களைப் பதித்திருக்கிறேன்.