சிவன்மலைக் கல்லு கிரானைட் இல்லைங்க
காங்கேயம் பக்கம் எந்தப் பாறையைப் பார்த்தாலும் கிரானைட்னு சொல்லிடறோம். சிவன்மலை பேர் போனது நெஃபலின் சையனைட்ங்கற பாறைக்கு. (சயனைடு விஷத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.) கிரானைட்னா குவார்ட்ஸ் (சிலிக்காவால ஆன கனிமம்) இருந்தே ஆகணும், இதுல அது கிடையாது. பாறைக்குழம்புல சிலிக்கா பத்தாமப் போனா, குவார்ட்ஸுக்குப் பதிலா நெஃபலின்ங்கற கனிமம், ஃபெல்ஸ்பார்ங்கற இன்னொரு கனிமத்தோட சேர்ந்து உருவாகும். வெயில் மழையில நெஃபலின் சீக்கிரம் அரிச்சுப் போகும், ஃபெல்ஸ்பார் தாக்குப்பிடிச்சு நிக்கும். அதனால பழைய கல்முகத்துல விரல் வெச்சா சின்னச் சின்னக் குழி தட்டுப்படும்.

1901லயே புவியியல் அறிஞர் டி.எச். ஹாலண்ட் இந்தப் பாறைகளைப் பத்தி விரிவா எழுதிட்டார், இங்கத்த குருந்தக் கல்லையும் (கொரண்டம்) சேர்த்து. கண்ணாடி, பீங்கான் தொழிலுக்கும் இந்தக் கல்வகை உதவும்.

பக்தர் கனவுல முருகன் சொன்ன பொருளை வெச்சுப் பூஜிக்கிற உத்தரவுப் பெட்டியைப் பார்க்க, சிவன்மலைக் கோயிலுக்கு மலையேறும்போது பிள்ளைகளுக்கு இதையும் தொட்டுக் காட்டுங்க. உடைக்க மட்டும் விடாதீங்க.