கோடை ஆய்வுப் பயிற்சிக்கு உதவித்தொகை திரட்டிய அனுபவம்

வேலூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் உள்ள செய்முறைகளைத் தவிர வேறெதையும் செய்து பார்த்திராத இளநிலை முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்யவும், அந்த ஆறு வாரத்துக்கு அவர்கள் கையில் உதவித்தொகை கிடைக்கவும் நாங்கள் செய்த ஏற்பாட்டை, இதே எண்ணமுள்ள பிற கல்லூரி ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

ஏற்கெனவே இருக்கும் திட்டங்களைத்தான் முதலில் பார்த்தோம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகையில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் உண்டு. அதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் 1 விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கு உரியது. பெங்களூரு, புது தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டம் மிக நல்லது. அதற்கும் நாடு முழுவதிலிருந்தும் போட்டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வுத் திட்டம் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கானது. அதிலும் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் பணம் வரும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டம் இறுதியாண்டினரை நோக்கியது. இவற்றில் எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எல்லாமே ஏற்கெனவே தேறி வந்தவரைத் தேடுகின்றன. இன்னும் தொடங்காதவருக்கு என்று ஒன்றும் இல்லை. ஆகவே நிதியை நாங்களே திரட்ட வேண்டியதாயிற்று.

வரவு செலவுத் திட்டம் எழுதியபோதுதான் பெரிய கருத்து வேறுபாடு எழுந்தது. பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீரைச் சோதிப்பது எங்கள் ஆய்வு. கடினத்தன்மையையும் குளோரைடையும் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) முறையில் கண்டறியலாம். குரோமியத்தின் நச்சு வடிவமான அறுமதிப்புக் குரோமியத்துக்கு டைஃபீனைல் கார்பசைடு என்னும் வினைப்பொருளைச் சேர்த்து, தோன்றும் ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கலாம். இவற்றுக்கான வேதிப்பொருள்கள் பெரும் செலவு வைப்பவை அல்ல. நிறமானி துறையிலேயே இருக்கிறது. மாணவர் ஒருவருக்கு வாரம் 1,500 ரூபாய் என்று போட்டிருந்த உதவித்தொகைதான் மொத்தத் தொகையில் பெரும்பங்கு. அதை எடுத்துவிட்டு ஒரு கருவி வாங்கலாமே, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு எதற்குப் பணம் என்று இதற்கான எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் மாணவிகளில் பலர் பேரணாம்பட்டு, குடியாத்தம், ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். விடுமுறை விட்டால் காலணித் தொழிற்சாலைக்கோ, வேலூர்த் துணிக்கடைகளுக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். அனுமதி கேட்கப் போன என்னிடம் ஒரு தாயார், “லீவுல கம்பெனிக்குப் போனாதான் மேடம், தம்பிக்கு ஸ்கூல் பீஸு கட்ட முடியும்” என்றார். அந்தக் கூலியை ஈடுசெய்யாத பயிற்சிக்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தாம் வருவார்கள். அவர்களையும் வரவேற்கிறேன், ஆனால் அவர்களுக்காக இத்தனை பாடு வேண்டியதில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1969-இல் இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியதையும், அங்கே மாணவர் மதிப்பெண் அலகுக்காகவும் (கிரெடிட்) பணிபுரியலாம், ஊதியத்துக்காகவும் பணிபுரியலாம் என்பதையும் குழுவுக்கு எழுதிய குறிப்பில் சேர்த்தேன். உண்மையில் குழுவின் மனத்தை மாற்றியது அந்தத் தாயாரின் வார்த்தைதான் என்று நினைக்கிறேன்.

முன்னாள் மாணவர் சங்கம் வேதிப்பொருள் செலவையும் களப்பயணச் செலவையும் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. உதவித்தொகைக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியை நாடினோம். இந்த வழி வெளியிலிருந்து எளிதாகத் தெரியும். உள்ளே போனால் அப்படியில்லை. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி நிகர லாபம் 5 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனத்துக்கே, லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் இந்தக் கடமை உண்டு. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இருக்கும் சிறு தோல் பதனிடும் ஆலைகள் பெரும்பாலும் இதற்குள் வாரா என்பதால், யாரிடம் கேட்பது என்பதே முதலில் தெளிவாக வேண்டும். அடுத்தது, பணத்தைப் பெறும் அறக்கட்டளை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகளுடன், 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் வழியே பெறும் பதிவு எண்ணையும் வைத்திருக்க வேண்டும். எங்கள் நிர்வாக அறக்கட்டளையிடம் முதல் இரண்டு மட்டுமே இருந்தன. மூன்றாவதற்குப் பட்டயக் கணக்காளரின் சான்றொப்பம் பெற்று இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

இணங்கிய நிறுவனம் நிதியாண்டு முடிவதற்குள், அதாவது மார்ச்சில், பணம் தருவதாகச் சொன்னது. மகிழ்ச்சியோடு வாங்கிவிடத்தான் தோன்றும். ஆனால் நிறுவனம் பணத்தை நம்மிடம் கொடுத்துவிட்டாலே அது செலவாகிவிட்டதாகக் கொள்ளப்படாது. நாம் அதைப் பயன்படுத்தினால்தான் கணக்கில் சேரும். எங்கள் பயிற்சியோ பருவத் தேர்வு முடிந்து மே மாதத்தில் தொடங்குவது. இதை அவர்களின் கணக்கு அலுவலரிடம் விளக்கி, அடுத்த நிதியாண்டின் செயல்திட்டத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டு, ஏப்ரலுக்குப் பிறகே தொகையைப் பெற்றோம்.

தேர்வுக்கு மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். குடிநீரில் கரைந்துள்ள திண்மங்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க வரம்பு சொல்வது அப்போது அவர்களில் யாருக்கும் தெரியாது. தங்கள் கிணற்று நீரில் பருப்பு ஏன் வேகவில்லை என்று கேட்டவர்கள் இருந்தார்கள், அது போதுமாயிருந்தது. மூன்று மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொண்டோம். கத்திரி வெயிலில் விடுமுறையை விட்டுக்கொடுக்கச் சக ஆசிரியர்களை இணங்கவைப்பது நிதி திரட்டியதைவிடக் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உதவித்தொகையை இறுதியில் மொத்தமாகத் தராமல் வாரந்தோறும் வங்கிக் கணக்கில் செலுத்தினோம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய்க்காகப் பலருக்கு ஆதாருடன் இணைந்த கணக்கு ஏற்கெனவே இருந்தது நல்லதாயிற்று. வாரம் ஒரு வருகைப் பதிவேட்டையும் ஆய்வுக் குறிப்பேட்டின் நகலையும் கோப்பில் சேர்த்து வந்ததால், பணம் உரிய நோக்கத்துக்கே செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிப்பதில் தொல்லை இருக்கவில்லை.

இந்த வழியில் முயல்வோர் விண்ணப்பத்தை ஜனவரிக்குள் நிறுவனத்தின் கையில் சேர்த்துவிடுவது நல்லது. அவர்களின் குழு ஆண்டுச் செயல்திட்டத்தை வகுப்பதற்கு முன் அது போய்ச் சேர வேண்டும். உதவித்தொகையைத் தனித் தலைப்பாகக் காட்டி, அதைக் கருவிச் செலவுக்கு மாற்ற இயலாது என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.